60 வீடு, தினம் 50 கிலோ மட்கும் குப்பை: அடுக்ககத்துக்கு எந்த வழி ஒத்துவரும்?

சென்னையில் 60 வீடுகள் உள்ள ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை என்று வைத்தால், மட்கும் குப்பை மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சேரும். பொங்கல் கரும்புச் சக்கை, மாம்பழப் பருவம், வாழை இலை விருந்து என்று வரும் நாட்களில் அது 70, 80 கிலோவைத் தொடும். இதை என்ன செய்வது என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தால், முதல் கேள்வி பெரும்பாலும் 'எந்த மெஷின் வாங்கலாம்?' என்பதாகவே இருக்கிறது.

அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு. எந்த முறையானாலும் ஒரு பக்கம் குப்பை உள்ளே போகும், மறுபக்கம் ஏதோ ஒன்று வெளியே வரும். அது உரமாக இருக்கலாம், கரைசலாக இருக்கலாம், எரிவாயுவாகவோ காய்ந்த தூளாகவோ இருக்கலாம். அதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எங்கே கொண்டுபோவார்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முறையைத் தேர்ந்தெடுப்பது எளிது. பதில் இல்லாமல் வாங்கிய இயந்திரம் எவ்வளவு விலை கொடுத்ததானாலும் சில மாதங்களில் மூலையில் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வியும் எழும். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மட்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. விதியை விடவும் வலுவான காரணம் ஒன்று உண்டு. சமையலறைக் கழிவு குப்பை மேட்டில் காற்றுப் படாமல் புதையும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அந்த மேடுகளை ஒட்டி வாழ்ந்தவர்கள் புகையையும் நாற்றத்தையும் பல பத்தாண்டுகளாகச் சுமந்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சாம்பார் சட்டியில் மிஞ்சியது அவர்கள் வாசலில் போய் அழுகுவதை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

மாநகராட்சியிடம் பிரித்துக் கொடுப்பது

இதை 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காகப் பிரித்துக் கொடுப்பதே பெரிய வேலை. இந்தூரில் 2022-ல் தொடங்கிய, நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவை எரிவாயுவாக்கும் ஆலை ஓடுவதற்கு அடிப்படை, அந்த ஊர் வீடுகள் வாசலிலேயே பிரித்துக் கொடுப்பதுதான். சென்னையிலும் சேத்துப்பட்டில் அத்தகைய பயோ சிஎன்ஜி (ஈரக்கழிவிலிருந்து எடுத்து அழுத்தி அடைத்த எரிவாயு) ஆலை இருக்கிறது.

20 வீட்டுக்கும் குறைவான, வெற்றிடமே இல்லாத கட்டடத்துக்கு இதுதான் சரியான வழி. ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: வரும் வண்டியில் மட்கும் குப்பைக்குத் தனிப் பெட்டி இருக்கிறதா, அது தனியாகவே போய்ச் சேருகிறதா? வண்டியில் எல்லாம் ஒன்றாகக் கொட்டப்பட்டால் வீட்டில் பிரித்த உழைப்பு அங்கேயே முடிந்துவிடும். அப்படி நடந்தால் வார்டு துப்புரவு ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பெட்டியை வடிவமைத்தவர் அவர் அல்ல.

'24 மணி நேரத்தில் உரம்' மெஷின்

விற்பனையாளர்கள் அதிகம் காட்டுவது இதைத்தான். காலையில் குப்பையைப் போட்டால் மறுநாள் காப்பிப் பொடி போன்ற பழுப்புத் தூள் வரும், வாடை இருக்காது, ஆள் வேலை குறைவு. பல லட்சம் விலை. உள்ளே நடப்பது என்ன என்று பார்த்தால் இது ஏன் பிரச்சினை என்று புரியும். சமையலறைக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். 50 கிலோவில் 37 கிலோ நீர். அதில் 35 கிலோவை ஆவியாக்கினால்தான் அந்தத் தூள் கிடைக்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தது 0.63 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு 22 யூனிட். வெப்ப இழப்பையும் கலக்கும் மோட்டாரையும் சேர்த்தால் 30 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம், மாதம் 900 யூனிட். குப்பையைக் குறைக்கக் கரண்டைக் கொட்டுகிறோம்.

வந்த தூள் உரமா என்றால் அதுவும் இல்லை, காய்ந்த சோறும் காய்கறியும்தான். மட்குவது நுண்ணுயிரின் வேலை. அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும், ஒரு இரவில் முடியாது. சோதிக்கச் சுலபமான வழி உண்டு. ஒரு கைப்பிடித் தூளில் நீர் தெளித்துப் பாலிதீன் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரிக்கும்போது புளித்த நாற்றம் அடித்தால் அது மட்கவே இல்லை. அதைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பூஞ்சை படரும், செடியின் வேர் வெந்துபோகும். உப்பும் அதில் செறிந்திருக்கும், ஏனென்றால் நீர் மட்டும்தான் போயிருக்கிறது.

வெப்பமூட்டாத, அரைத்துக் கலக்கும் இயந்திரம் வேறு வகை. அது குப்பையைத் துண்டாக்கி மரத்தூளோடும் நுண்ணுயிர்க் கலவையோடும் கலந்து தரும். பிறகு துளையுள்ள கூடைகளில் அடுக்கி 15 நாள் மட்க விட்டு, இன்னும் ஒரு மாதம் முதிர விட வேண்டும். இடம் மிக நெருக்கடியான வளாகத்துக்கு இதைப் பரிசீலிக்கலாம். கவனிக்க வேண்டியவை சில. இளநீர் மட்டையின் நாரும் குப்பையோடு வந்துவிடும் எவர்சில்வர் ஸ்பூனும் பிளேடைக் கெடுக்கும். மிக நைசாக அரைத்தால் கூழாகிக் காற்றுப் போக வழியில்லாமல் நாறும்; அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத் துண்டு போதும். மரத்தூளை பிளைவுட் பட்டறையிலிருந்து வாங்கக் கூடாது, அதில் பசை இருக்கும்.

சாண எரிவாயுக் கலன்

மனதுக்கு மிகவும் பிடித்துவிடும் வழி இது. குப்பை போட்டால் அடுப்பு எரியும். தமிழ்நாட்டுச் சமவெளியின் வெப்பம் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிருக்கு மிக ஏற்றது. ஊட்டி, கொடைக்கானலில்தான் அது மந்தமாகும்.

50 கிலோ குப்பையில் 50 லிட்டர் நீர் சேர்த்து விடுகிறோம், 40 நாள் உள்ளே தங்க வேண்டும். எனவே 4,000 லிட்டர் கலன். கிடைக்கும் வாயு நாளொன்றுக்கு 4 முதல் 5 கன மீட்டர், அதாவது 2 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஒரு வாரத்தில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சப்படுத்தலாம். இது பெரிய பலன்தான், அதை எரிக்க ஓர் அடுப்பு இருந்தால். அடுக்ககத்தில் பொதுச் சமையலறை கிடையாது. வாயுவின் அழுத்தம் மிகக் குறைவு என்பதால் மாடிகளுக்குக் குழாய் இழுக்க முடியாது. காவலாளிகளின் அடுப்பு ஒன்று இதில் கால் பங்கைக் கூடச் செலவழிக்காது, மீதியைத் திறந்துவிட்டால் குப்பை மேட்டில் உண்டாகும் அதே மீத்தேனை நாமே உண்டாக்கியதாகும்.

அதைவிடச் சிக்கலானது மறுபக்கம். தினமும் 100 லிட்டர் உள்ளே போனால் 100 லிட்டர் கரைசல் வெளியே வரும். வயல் இருந்தால் அது நல்ல உரம். அடுக்ககத்தில் அதை வளாகத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் விட்டால் அந்த நிலையம் திணறும். மழைநீர் வடிகாலில் விடுவது குற்றம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கலன்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விடுதி, கல்யாண மண்டபம், பெரிய உணவகம், மதிய உணவு சமைக்கும் பள்ளி ஆகியவற்றுக்கு நிலைமை நேர்மாறு. அங்கே அடுப்பு நாள் முழுக்க எரிகிறது, குப்பையும் சோறும் குழம்புமாக எளிதில் கரைவது. அங்கே நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். 400, 500 கிலோ புதுச் சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்துத் தொடங்க வேண்டும். வாயு எரியத் தொடங்கிய பிறகு, முதல் வாரம் தினம் 5 கிலோ, பிறகு வாரத்துக்கு 10 கிலோ கூட்டிக்கொண்டே போகலாம். மாட்டின் வயிற்றைப் போலவே இதற்கும் ஒரே நாளில் அளவுக்கு மீறித் தீனி போட்டால் செரிக்காது. பந்திக்கு மறுநாள் 150 கிலோ சோற்றைத் தள்ளினால் உள்ளே அமிலம் கூடி, பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கி, வாயு வந்தாலும் பற்றாது. அப்போது ஐந்து நாள் தீனியை நிறுத்தி, சாணக் கரைசல் மட்டும் விட வேண்டும். எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார், எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் போடக் கூடாது. வாயுவில் வரும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. குழாயில் இரும்புச் சீவல் அடைத்த வடிகட்டி வைத்தால் பர்னர் அரிக்காது.

காற்றோட்டத் தொட்டிகள்

60 வீட்டு அடுக்ககத்துக்கு, இரண்டு கார் நிற்கும் அளவு நிழலிடம் ஒதுக்க முடியுமானால், எங்கள் தீர்ப்பு இதற்கே. பார்க்க எளிமையாக இருப்பதால் 'இவ்வளவுதானா' என்று ஒதுக்குகிறார்கள். பழுதடைய ஒன்றும் இல்லாததே இதன் பலம். கேரளத்தில் தும்பூர்முழி மாதிரி என்ற பெயரில் உள்ளாட்சிகள் பரவலாகக் கையாள்வதும் இதே தத்துவம்தான்: நான்கடி நீள, அகல, உயரமுள்ள தொட்டி, எல்லாப் பக்கமும் காற்றுத் துளை.

நான்கடிக்குக் காரணம் உண்டு. குவியல் குறைந்தது ஒரு கன மீட்டர் இருந்தால்தான் உள்ளே வெப்பம் தங்கும். சிறியதானால் ஆறிப்போகும், மிகப் பெரியதானால் நடுவில் காற்று போகாது. செங்கல்லை இடைவெளி விட்டுக் கட்டலாம், வெல்டு மெஷ் சட்டமும் அடிக்கலாம். முன்பக்கம் மட்டும் கழற்றக்கூடிய பலகையாக இருக்கட்டும், உரம் அள்ளும்போது முதுகு தப்பும். தரையை ஒருபக்கமாகச் சரித்து, வடியும் நீருக்கு ஒரு சிறு குழி விடுங்கள். அடியிலும் பக்கத்திலும் அரை அங்குல வலை கட்டாயம், இல்லாவிட்டால் பெருச்சாளி குடியேறும். கூரை தொட்டியைத் தாண்டி இரண்டடி நீண்டிருக்க வேண்டும். ஐப்பசி மழை நேராக விழாது. ஒரு தொட்டி நிரம்ப ஏறத்தாழ 20 நாள், நிரம்பிய பின் 60 நாள் ஓய்வு என்று கணக்கிட்டால் நான்கு தொட்டி வேண்டும். ஐந்தாகக் கட்டுங்கள், திருவிழா மாதத்தில் கை கொடுக்கும்.

இதன் உயிர் சருகில் இருக்கிறது. சமையலறைக் கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 18-க்கு 1 என்ற அளவில் இருக்கும். நுண்ணுயிர் சுறுசுறுப்பாக வேலை செய்ய 25 முதல் 30-க்கு 1 வேண்டும். 50 கிலோ கழிவுக்கு 15 கிலோ காய்ந்த சருகு சேர்த்தால் விகிதம் 27 அருகே வந்து நிற்கும், ஈரமும் 75 சதவீதத்திலிருந்து 60-க்கு இறங்கும். ஒரே சேர்க்கை இரண்டு கணக்கையும் நேராக்குகிறது. எடை போட நேரமில்லையென்றால் ஒரு கூடைக் குப்பைக்கு இரண்டு கூடை நொறுக்கிய சருகு.

மாதம் 450 கிலோ சருகு என்பது சின்ன அளவல்ல. வேம்பு, புங்கம், மகிழம் எல்லாம் நல்லவை. தென்னை ஓலையை நறுக்காமல் போடாதீர்கள், தேக்கிலை மெதுவாகத்தான் மட்கும். இலையுதிரும் தை முதல் பங்குனி வரை, பக்கத்துப் பூங்காவிலும் தெருவிலும் பெருக்கி எரிக்கப்படும் சருகை மூட்டை கட்டி வையுங்கள். அந்தப் புகையும் அடங்கும். போதாத மாதங்களில் தென்னை நார்க் கழிவுக் கட்டி கை கொடுக்கும்: 50 கிலோவுக்கு 5 கிலோ கட்டி இரண்டு. நனைக்காமல் உதிர்த்துப் போட வேண்டும். உப்பு கழுவிய கட்டியா என்று கேட்டு வாங்குங்கள்.

தொட்டியின் அடியில் அரையடிக்குத் தேங்காய் மட்டையும் சுள்ளியும். அதன் மேல் தினமும் குப்பையும் சருகும் கலந்து, கடைசியில் இரண்டு அங்குலச் சருகுப் போர்வை. இந்தப் போர்வையை ஒரு நாள் விட்டால் ஈ வந்துவிடும். உறைக்கு ஏற்கெனவே முதிர்ந்த உரம் இரண்டு கிலோ போதும். முதல் முறை சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளிக்கலாம். பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கலவை இல்லாமலே நடக்கும். மூன்றாம் நாளிலிருந்து உள்ளே 55 முதல் 65 டிகிரி வெப்பம் ஏறும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் கையில் பிடிக்க முடியாமல் சுட வேண்டும். 55 டிகிரி மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க் கிருமியும் தக்காளி, பரங்கி விதையும் சாகும். ஓரங்கள் ஆறியே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை கிளறி ஓரத்தை நடுவுக்குத் தள்ள வேண்டும்.

தவறு நடந்தால் மூக்கே சொல்லிவிடும். அமோனியா நெடி வந்தால் சருகு குறைவு. அழுகிய முட்டை வாடை என்றால் காற்று இல்லை: கிளறிச் சுள்ளி சேர்க்க வேண்டும். ஒரு பிடியைப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகினால் ஈரம் அதிகம். வெப்பமே ஏறவில்லை என்றால் காய்ந்துபோயிருக்கும் அல்லது சருகு மிகுந்திருக்கும். தடித்த பழுப்புப் புழுக்களைக் கண்டு குடியிருப்போர் அலறுவார்கள். அவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள், நோய் பரப்பாதவை, குப்பையை வேகமாகத் தின்னும். ஆனாலும் அவை மிகுந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள், உலர்ந்த சருகு போடுங்கள்.

ஆள் வேலை நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், கிளறும் நாளில் மூன்று. இதை ஏற்கெனவே மாடிப்படி பெருக்குபவர் தலையில் இலவசமாக ஏற்றுவது அநியாயம். முறை தோற்பதற்கும் அதுதான் நேர் வழி. தனிக் கூலி, கையுறை, முகக்கவசம், கம்பூட், கைகழுவத் தண்ணீர்க் குழாய் எல்லாம் திட்டச் செலவில் முதல் வரியில் இருக்கட்டும். அவர் விடுப்பில் போகும் நாளுக்கு இன்னொருவர் பழகியிருக்க வேண்டும்.

வீட்டளவு வழிகள்

குப்பையை மட்க வைக்கும் சுடுமண் அடுக்குப் பானை நான்கு பேர் வீட்டுக்கு அருமையாக உழைக்கும், ஆனால் 60 வீடும் விடாமல் செய்யும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. விரும்பும் வீடுகள் செய்யட்டும், பொதுத் தொட்டியின் சுமை குறையும். மண்புழு 35 டிகிரிக்கு மேல் தாங்காது, புளிப்பும் உப்பும் எண்ணெயும் ஆகாது. பாதி மட்கிய பிறகு கொடுத்தால் தரமான உரம் தரும், நேரடிச் சமையலறைக் கழிவுக்கு உகந்ததல்ல. தவிடு போட்டு மூடிப் புளிக்க வைக்கும் போகாஷி முறையில் கடைசியில் புதைக்க மண் வேண்டும், அடுக்ககத்தில் அதற்குத்தான் பஞ்சம்.

வெளியே வரும் உரம்

தொட்டி முறையிலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. 50 கிலோ குப்பையும் 15 கிலோ சருகும் கடைசியில் 15, 18 கிலோ உரமாகும். மாதம் அரை டன், ஆண்டுக்கு 6 டன். தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ வீதம் ஆண்டுக்கு இருமுறை போட்டாலும், இதைச் செலவழிக்க 1,500 சதுர மீட்டர் தோட்டம் வேண்டும். பெரும்பாலான வளாகத்தில் அது இல்லை. மாடித் தோட்டக்காரர்கள் ஒரு பங்கை எடுப்பார்கள். மீதிக்கு ஒரு விவசாயியைத் தொடக்கத்திலேயே பேசி வையுங்கள். தமிழ்நாட்டில் பல பயிர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் தொழு உரம் ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன். 60 வீட்டுச் சமையலறை ஓர் ஏக்கர் நிலத்துக்கு ஆண்டு முழுவதற்குமான எருவைத் தருகிறது. காஞ்சிபுரத்திலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் காய்கறியாக நகரத்துக்கு வந்த சத்து அதே மண்ணுக்குத் திரும்பும் வழி இது.

அந்த விவசாயி வாங்க வேண்டுமானால் உரம் முதிர்ந்திருக்க வேண்டும்: கருப்பு, மழை பெய்த மண்ணின் வாசம், கையில் சூடில்லை, 4 மில்லிமீட்டர் சல்லடையில் பெரும்பகுதி இறங்கும். சந்தேகமிருந்தால் பாதி மண்ணும் பாதி உரமும் கலந்து வெந்தயம் விதைத்துப் பாருங்கள். முளைக்கவில்லை என்றால் இன்னும் மூன்று வாரம் விடுங்கள். சல்லடையில் பாலிதீன் துண்டு தெரிந்தால் அடுத்த முறை அவர் வண்டி வராது. அதனால் வீட்டு வாளியில் பை போடாமல் பழக்குவது உரத்தின் விலையைத் தீர்மானிக்கும் காரியம். 'மட்கும் பிளாஸ்டிக்' என்று முத்திரையிட்ட பையும் வேண்டாம். அவை பெரிய ஆலைகளின் நீடித்த வெப்பத்துக்காகச் செய்யப்பட்டவை, இந்தத் தொட்டியில் அப்படியே கிடக்கும். டயபரும் நாப்கினும் தனித் தாளில் சுற்றித் தனிப் பெட்டிக்கு.

முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம் தினமும் குப்பையை எடை போடுங்கள். விற்பனையாளர் தலைக்கணக்கில் சொல்லும் அளவு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். இடமும் சருகும் இருந்தால் தொட்டி. அடுப்பும் வயலும் இருந்தால் எரிவாயு. இடமில்லை, ஆனால் கூலி கொடுக்க முடியும் என்றால் அரைக்கும் இயந்திரமும் கூடைகளும். இவை ஒன்றும் இல்லையென்றால் சுத்தமாகப் பிரித்து மாநகராட்சியிடம். தொட்டி என்று முடிவானால் தை மாதம் கட்டித் தொடங்குங்கள்: சருகு அப்போதுதான் விழும், பணியாளர் வறண்ட மாதங்களில் கை பழகுவார், வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் இரண்டு சுற்று உரம் சலித்து முடிந்திருக்கும்.